வேலாத்தாள் போட்ட கட்டுகள்

டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது வேலாத்தாளின் சேலைகளில் வாசமே இல்லை.

அவள் காய்ச்சலில் போனதிலிருந்து, பொழுது சாயும் நேரத்தில் தங்கவேலு அந்தப் பெட்டியைத் திறந்து சேலைகளில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். சீயக்காயும் மஞ்சளும் மிஷின் எண்ணெயும் கலந்த அவளுடைய வாசம் நேற்றுவரை அங்கே இருந்தது. இன்று அவை யாரும் உடுத்தாத துணிகளாகக் கிடந்தன. மழைக்காலத்து ஈரம் என்று சொல்லிக்கொண்டு பெட்டியை மூடினான்.

வீரபாண்டியில் அவன் வீட்டுக்குப் பின்னால், ஓட்டுக் கொட்டகையில் இருந்த பனியன் துணி பின்னும் மிஷினை ஓட்டியவள் வேலாத்தாள்தான். எங்காவது ஆட்டம் கண்டால் சேலைக்கரையைக் கிழித்து ஒரு கட்டுப் போடுவாள். கொண்டை ஊசியை வளைத்து மாட்டுவாள். மரச்சில்லு ஒன்றைச் செருகுவாள். மிஷின் ஓடிவிடும். இப்போது துணியில் கோடு விழுந்ததால் ஹிதாயத்துல்லா என்ற மெக்கானிக்கைத் தங்கவேலு கூப்பிட்டிருந்தான்.

"பெரிய கோளாறு இல்லீங்க. இந்த ஒட்டுவேலைங்கதான். ஒரேயடியா பிரிச்சா மிஷின் மக்கர் பண்ணும். சாயந்திரம் சாயந்திரம் வந்து ஒண்ணொண்ணா எடுத்துட்டு, ஓட்டிப் பாத்துட்டுப் போறனுங்க" என்றார்.

அன்று, தங்கவேலு பெட்டியைத் திறப்பதற்குச் சற்று முன், முதலில் எடுத்தது சேலைக்கட்டு.

மறுநாள் கொண்டை ஊசி. மிஷினின் கடகடப்பு குறைந்தது. சோறு பிசைந்துகொண்டிருந்த தங்கவேலு, "ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா" என்று அவள் கேட்பதை வழக்கம்போல நினைத்துப் பார்த்தான். உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. கை சோற்றிலேயே நின்றுவிட்டது. இதைப் போய் மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது? சிரிப்பார்.

அடுத்த நாள் மரச்சில்லு போனது. மிஷின் வண்டாக ரீங்கரித்தது. உள்ளே வந்த தங்கவேலு சுவரைப் பார்த்தான். கல்யாணப் போட்டோவில் அவன் நின்றிருந்தான். பக்கத்தில் ஒரு மாலை, எவர் கழுத்திலும் இல்லாமல், அந்தரத்தில் தொங்கியது.

மகள் பழனியம்மாள் பள்ளிக்கூடப் பையோடு வந்து அருகே நின்றாள்.

"ஏனுங்கப்பா, நீங்க மட்டும் தனியா நிக்கறீங்க?"

"அம்மா எங்க கண்ணு?"

"எந்த அம்மா?"

கொட்டகையில் மிஷின் நின்றது. ஸ்பேனர் தரையில் விழும் சத்தம். ஹிதாயத்துல்லா இன்னும் போகவில்லை. அங்கே இன்னும் ஒன்று மிச்சமிருந்தது: பழனியம்மாள் பிறந்தபோது அவள் இடுப்பில் கட்டிய முதல் அரைஞாண் கயிறு. அறுந்ததும் வேலாத்தாள் அதை மிஷின் கைப்பிடியில் சுற்றி வைத்திருந்தாள்.

"பாய்! அதத் தொடாதீங்க! பாய்!"

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புழக்கடைக்கு ஓடினான். ஈர மண்ணில் கால் வழுக்கியது. கொட்டகைக் கதவு தெரிந்தது.

"ஆச்சுங்க!" உள்ளிருந்து சந்தோஷமாகக் குரல் வந்தது. "இப்பப் பாருங்க, எப்படி ஓடுதுன்னு!"

மிஷின் ஓடியது. சத்தமே இல்லை.

தங்கவேலு நின்றான். கைக்குள் சின்ன விரல்கள் இருந்தன. சூடு இருந்தது. குனிந்து பார்க்கத் துணிவில்லை.

"அப்பா..."

துணிக்குப் பின்னால் இருந்து வந்தது போல இருந்தது அந்தச் சத்தம்.

பார்த்தான்.

இரட்டைச் சடை. ரிப்பன். நடுவே முகம் இல்லை. வெள்ளை வெளேரென்று, தையல் இல்லாமல், இழுத்துக் கட்டிய பனியன் துணி. வாய் இருந்த இடத்தில் அது உள்வாங்கியது. புடைத்தது. உள்வாங்கியது.

அலற வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தான். ஆனால் அவன் காதில் விழுந்தது அவனுடைய சொந்தக் குரல்தான், வழிதவறி வந்த பிள்ளையிடம் கேட்பது போல, அத்தனை கனிவாக:

"நீ யாரூட்டுப் புள்ள, கண்ணு?"

சின்ன விரல்கள் அவன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டன.