ஒரு மரத்துக்கு இரண்டு அட்டை

என் பெயர் சங்கவி. ஆனால் மாலை வகுப்பில் என்னை ‘ரப்பர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஒரு வரி எழுதுவேன். சரியா, தப்பா என்று யோசிப்பேன். அழிப்பேன். மறுபடியும் அதே வரியை எழுதுவேன். போன மாதம் அழித்து அழித்து நோட்டில் ஓட்டையே விழுந்துவிட்டது.

அதனால்தான், கல்வராயன் மலையில் மரங்களுக்குப் பெயர் அட்டை கட்டப் போகும்போது குறிப்பு எழுதும் வேலை எனக்கு என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். வேலையைக் கொடுத்தது ஆரோக்கியசெல்வி அக்கா. திண்டிவனத்தில் எங்களுக்கு மாலை வகுப்பு எடுப்பவர் அவர்தான்.

“சங்கவி, இந்த நோட்டு வனத்துறை ஆபீசுக்குப் போவுது. பேனாவுலதான் எழுதணும். ஒரு அடித்தல் இருந்தாலும் நோட்டு கோகுல் கைக்குப் போயிடும்” என்றார்.

கோகுலகிருஷ்ணன் அப்போதே கையை நீட்டிக் காட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கிளம்ப விடியற்காலையில் எழுந்தேன். எனக்கு முன்பே வீட்டில் சண்டை எழுந்துவிட்டது. என் மூன்று மாதத் தம்பியைப் பார்க்க மேல்மலையனூரிலிருந்து கெங்கம்மாள் அத்தையும், கோலியனூரிலிருந்து முனியம்மாள் பெரியம்மாவும் வந்திருந்தார்கள்.

“மூக்கப் பாரு! அப்படியே எங்க அண்ணன் மூக்கு!” என்றார் அத்தை.

“மூக்கு இருந்துட்டுப் போவட்டும். காதப் பாருங்க. எங்க வூட்டுக் காது!” என்றார் பெரியம்மா.

தம்பி இரண்டு பேரையும் பார்த்துக் கொட்டாவி விட்டான்.

மலையில் அக்கா எங்களுக்கு இரண்டு வகை மரங்களைக் காட்டினார். ஓடைக்கரையில் நிற்பது நீர்மருது. அதன் பட்டை வெளுப்பாக, வழவழவென்று இருக்கும். சரிவில் நிற்பது கருமருது. அதன் பட்டை கருப்பாக, முதலையின் முதுகு போல வெடித்திருக்கும். இரண்டும் உறவுக்கார மரங்கள்தானாம்.

நீர்மருது கோகுல் குழுவுக்கு. கருமருது எங்கள் வகுப்பு ஃபர்ஹீனின் குழுவுக்கு. ஒவ்வொரு குழுவுக்கும் பத்து அட்டை. ஆணி அடிக்கக் கூடாது, கயிற்றால்தான் கட்ட வேண்டும். எந்தக் குழு முதலில் முடிக்கிறதோ, அதன் தலைவர் திரும்பும்போது வேன் ஓட்டும் சீனுவாசன் அண்ணன் பக்கத்தில் உட்காரலாம். ஹாரனும் அடிக்கலாம்!

நான் ஒவ்வொரு மரத்தின் கீழும் ஒரு காயைப் பொறுக்கினேன். இரண்டு வகை மரத்தின் காய்க்கும் ஐந்து சிறகுகள் உண்டு. சிறகின் அகலத்தை ஸ்கேலால் அளந்தேன்.

“காய்க்குச் சட்டை தெக்கப் போறியா, ரப்பரு? ஜல்தி வா!” என்று கத்தினான் கோகுல்.

நீர்மருது ஆறு மில்லிமீட்டர். கருமருது பதினாறு. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

மதியம் மூன்று மணிக்கு இரண்டு குழுவும் தலா ஒன்பது அட்டை கட்டியிருந்தன. “கிளம்பலாம், நேரமாயிடுச்சு” என்றார் அக்கா. பாதையில் ஒரே ஒரு மரம்தான் மீதி. சரிவு முடிந்து ஓடை தொடங்கும் இடத்தில் அது தனியாக நின்றது.

கோகுலும் ஃபர்ஹீனும் அட்டையோடு பாய்ந்தார்கள்.

“மேலப் பாரு, எவ்ளோ வழவழன்னு கீது! இது எங்க மரம்!”

“கீழப் பாருடா! முதல மாதிரி வெடிச்சிக்கினு கீது. எங்க மரம்!”

“கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடு!”

“நீ முதல்ல பொடனியில இருந்து கண்ண எடுத்து முன்னாடி வைய்யி!”

பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். “ரப்பரு, நீயே எழுது!”

அக்காவைப் பார்த்தேன். “எனக்கும் தெரியலையேடி” என்றார்.

பேனா மூடியைத் திறந்தேன். மூடினேன். திறந்தேன். நீர்மருது என்று எழுதி அது தப்பாகிவிட்டால்? கருமருது என்று எழுதி அதுவும் தப்பாகிவிட்டால்? கோகுலின் கை வேறு என் நோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

மரத்தடியில் கிடந்த காய்களில் ஐந்தை எடுத்து அளந்தேன். பத்து. பதினொன்று. பதினொன்று. பத்து. பன்னிரண்டு. ஆறும் இல்லை, பதினாறும் இல்லை.

“மேலப் பாரு!”

“கீழப் பாரு!”

இந்தச் சண்டையை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன். எங்கே? காலையில், எங்கள் வீட்டில்! மூக்கப் பாரு, காதப் பாரு!

“நிறுத்துங்க!” என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். “இது ரெண்டு பேரோட மரமும்தான். என் தம்பிக்கு மூக்கு அப்பா மாதிரி, காது அம்மா மாதிரி. இதுக்கு மேல நீர்மருது, கீழ கருமருது, காய் ரெண்டுக்கும் நடுவுல. இது ரெண்டு மரத்துக்கும் பொறந்த புள்ள!”

ஃபர்ஹீன் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். கோகுல் குனிந்து பார்த்தான்.

“அப்ப ஹாரனு?” என்றான் கோகுல்.

ஒரே கயிற்றில் இரண்டு அட்டைகளையும் கட்டினோம். நான் பேனாவால் எழுதினேன்: “மேல் பட்டை வழவழப்பு. கீழ்ப் பட்டை வெடிப்பு. காய்ச் சிறகு பத்து முதல் பன்னிரண்டு மில்லிமீட்டர். இரண்டும் கலந்த மரமாக இருக்கலாம்.” அடித்தல் இல்லை.

மலை இறங்கி சிக்னல் கிடைத்ததும், அக்கா படங்களையும் என் அளவுகளையும் தனக்குத் தெரிந்த தாவரவியல் பேராசிரியருக்கு அனுப்பினார். ஆத்தூர் போவதற்குள் பதில் வந்தது. அக்கா சத்தமாகப் படித்தார்.

“கலப்பு மரமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உறவுக்கார மரங்கள் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தால் காட்டில் தானாகவே இப்படி நடக்கும். காய்களை அளந்தது யார்?”

கோகுல் என்னைப் பார்த்தான். “எங்க ரப்பரு!” என்றான், அவனே அளந்தது போல.

முன் சீட்டில் கோகுலும் ஃபர்ஹீனும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். திண்டிவனம் வரைக்கும் ஆளுக்கு ஒரு ஹாரன். சீனுவாசன் அண்ணன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்தால், சண்டை விட்ட இடத்திலேயே இருந்தது. என்னிடம் எழுதாத அட்டை ஒன்று மிச்சம் இருந்தது. “மூக்கு: மேல்மலையனூர். காது: கோலியனூர்” என்று எழுதித் தம்பியின் தொட்டிலில் கட்டினேன்.

அத்தை படித்தார். பெரியம்மா படித்தார்.

“அது சரி” என்றார் அத்தை மெதுவாக. “அப்ப நெத்தி?”

“நெத்தி எங்களுது!” என்றார் பெரியம்மா.

“ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க” என்று சொல்லிவிட்டு, நான் ஸ்கேலை எடுத்தேன்.