சென்டர் கோர்ட்டில் ஒரு மஞ்சள் வட்டம்

சனிக்கிழமை, காலை எட்டு மணி.

சென்டர் கோர்ட்டின் கோட்டோரம் ஒரு தட்டு அகலத்துக்குப் புல் செத்துக் கிடந்தது. நடுவில் வைக்கோல் நிறம். அதைச் சுற்றி விரல் கனத்துக்கு மட்டும் புல் கரும்பச்சையாய்க் கொழுத்திருந்தது. திங்கட்கிழமை சாம்பியன்ஷிப் தொடக்கம்.

எங்கள் டென்னிஸ் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. போட்டிக்கு முந்தைய சனிக்கிழமை, உறுப்பினர்களில் நான்கு பெண்கள் அந்தக் கோர்ட்டில் முதலில் ஆடிப் புல்லைப் பதம் பார்ப்பார்கள். விதிப்படி தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தி வந்தவர்கள் அந்த வட்டத்தைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்கள்.

தலைவர் கர்னல் ஹார்கோர்ட் யோசிக்கவே இல்லை. புல்தரையைப் பராமரிக்கும் ரெஜ் டாலியிடம், இதுதான் உமக்குக் கடைசி வருடம் என்று போன வாரம்தான் சொல்லியிருந்தார். அந்தக் கடுப்பில் ஆள் நேற்றிரவு பெட்ரோலை ஊற்றிவிட்டான் என்று முடிவுகட்டினார். அந்தப் பெண்கள் முன்னாலேயே வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போலீசைக் கூப்பிட்டார்.

"இது நாய் வேலைங்க," என்றார் டாலி.

கர்னல் சிரித்தார். நரி வராமலிருக்க இரவில் மின்வேலி போடுவார்கள், அது அறுபடவில்லை. நாய்களுக்கோ கிளப்புக்குள் அனுமதியே கிடையாது.

"இங்க மெம்பர் யாரும் விதிய மீற மாட்டாங்கய்யா. பொய் சொல்றதையாவது கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு."

டாலிக்குக் காது வரை சிவந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒன்பதரைக்கு இன்ஸ்பெக்டர் டிரான்ட் வந்தார். அலட்டிக்கொள்ளாத மனிதர். வட்டத்தின் அருகே வெகுநேரம் குந்தியிருந்தார். பிறகு ஒவ்வொருவரிடமும், நேற்றிரவு எங்கே இருந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். கர்னல் விருந்தில் இருந்தார். ஆட வந்த பெண்களில் ஒருத்தி நாடகம் பார்த்தாள், இருவர் வீட்டில் தூங்கினார்கள். டாலி கொட்டகையில் தனியாக இருந்தார், சாட்சி இல்லை.

கடைசியாக மிஸஸ் ஃபென்விக். நால்வரில் மூத்தவர். அவர் ஆடாத சனிக்கிழமை எனக்கு நினைவில்லை.

"நேத்து வெளியவே போகல, இன்ஸ்பெக்டர். போன திங்கக்கிழமை சாயங்காலம் இவங்களோட தரையப் பாக்க வந்தேன், அவ்வளவுதான்."

டிரான்ட் தலையாட்டினார். மிஸஸ் ஃபென்விக்கின் தலை முழு நரை. வெள்ளை ஸ்வெட்டரின் முழங்கை மடிப்பில் மட்டும் சில செம்பட்டை முடிகள் ஒட்டியிருந்தன.

டாலியைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு டிரான்ட் எங்களிடம் திரும்பினார்.

"பெட்ரோல் ஊத்தினா புல்லு மொத்தமா கருகும், சார். ஓரம் கொழுக்காது. என் வீட்டுப் பின்பக்கம் இதே மாதிரி வட்டம் நிறைய இருக்கு, எங்க பொட்டை நாயோட உபயம். மூத்திரம் நடுவுல எரிச்சிடும், ஓரத்துல அதுவே உரம். ஆனா இப்படி மஞ்சளாக நாலஞ்சு நாள் ஆகும். நேத்து ராத்திரி யாரு எங்க இருந்தா என்ன?"

கர்னல் குனிந்து வட்டத்தின் ஓரத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் நான் கேட்ட ராத்திரியப் பத்திச் சொன்னாங்க. நான் கேக்காத திங்கக்கிழமையப் பத்தி ஒருத்தர்தான் சொன்னாங்க. அந்த ஸ்வெட்டர்ல இருக்கறது யார் முடி, மேடம்?"

மிஸஸ் ஃபென்விக் முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய கண் தெரியாத கிழ நாய் பிப்பா. தனியே விட்டால் ஊளையிடும். திங்கட்கிழமை அதை மட்டைப் பையில் மறைத்துக் கொண்டுவந்தார். மற்றவர்கள் தேநீருக்குப் போனபோது ஒரு நிமிடம் கீழே இறக்கிவிட்டார். காலையில் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் யாராவது செத்தால்தான் இன்னொருவருக்கு இடம் கிடைக்கும் கிளப் இது. விதி மீறி வெளியே போனால் போனதுதான்.

கர்னல் தொண்டையைச் செருமி, இது நமக்குள்ளேயே இருக்கட்டும் என்றார். எனக்குக் கூசிப்போயிற்று. டிரான்ட் அவரைப் பார்க்கக்கூட இல்லை.

மிஸஸ் ஃபென்விக் தாமே கொட்டகைக்குப் போனார். டாலி தம் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். என் நாய் செய்த காரியத்தை மன்னித்துவிடுங்கள் என்றார் அவர்.

"நாய் மேல எனக்கென்னம்மா கோவம்? அதுக்குக் கண்ணு தெரியாது. அவரு என்னை ஏசறப்போ நீங்க பாத்துக்கிட்டேதான நின்னீங்க."

ஒட்டுப்போடுவதற்கு ஒரு புல் பத்தையை எடுத்துக்கொண்டு டாலி கோர்ட்டுக்குப் போனார். அந்த வருடம் சனிக்கிழமை ஆட்டம் நடக்கவில்லை. மிஸஸ் ஃபென்விக் கிளப்பை விட்டு வெளியே போய்விட்டார். மிச்சம் இருந்தது மூன்று பேர்.