பங்காக் கயிறு போன துளை

தளி சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தைல மரங்களுக்கு நடுவே கால் மணி நேரம் நடந்தால் அந்தக் கோயில் வரும். 2008 சித்திரையில் அங்கே வேலைக்குப் போனோம். அப்பா ஆஞ்சப்பன் கொத்தனார். கங்கப்பன் மாமா அவருடைய கூட்டாளி. ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட நான் சித்தாள். வெளியாட்களிடம் எனக்குப் பேச்சு வராது. வேலை இடத்தில் பொழுதுக்கும் வாய் திறக்காமல் இருந்துவிடுவேன்.

குதிரைப் பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் கட்டிய கிறிஸ்தவக் கோயில் அது. சுவர் இரண்டு முழக் கனம். ஜன்னல்கள் கைகூப்பியதுபோல் உச்சியில் கூர்ந்திருந்தன. வெளியே பக்கத்துக்கு நான்கு முட்டுத்தூண்கள். உள்ளே தேக்கு உத்தரங்களில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். சுவரில் பதித்த சலவைக்கற்களில் செத்தவர்களின் பெயர்கள் இருந்தன. பதினோரு நாள் குழந்தைக்குக்கூட ஒரு கல் இருந்தது. பட்டாளம் போய்விட்டது. இப்போது மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை, நான்கு குடும்பங்கள் வருகின்றன. மற்ற நாட்களில் வௌவால்தான்.

தெற்குச் சுவரில் நெஞ்சு உயரத்தில் ஒரு துளை இருந்தது. தேனீ நுழைகிறது, அடைத்துவிடுங்கள் என்றார் சாவி வைத்திருந்த ஜெயமணி அக்கா.

"எதுக்கு இந்த ஓட்டை?" என்றார் அப்பா.

"அந்தக் காலத்துல கரண்ட் ஏது? மேல கொக்கியில நீளமா துணி தொங்கும், பங்கான்னு பேரு. அதோட கயிறு இது வழியா வெளிய போகும். வெளிய ஒரு ஆளு உக்காந்து இழுத்துக்கிட்டே இருப்பாரு. உள்ள இருக்கறவங்களுக்குக் காத்து வரும்."

நான் வெளியே போய்ப் பார்த்தேன். துளையின் விளிம்பு, கிணற்றுக்கல்லைப் போலக் கயிறு உரசித் தேய்ந்திருந்தது. கீழே உட்கார ஒரு கல். அதற்குப் பின்னால் சுவரில், முதுகு படும் இடத்தில், எண்ணெய்க் கறுப்பு. எத்தனை முறை வெள்ளையடித்தார்களோ, அந்தக் கறை மட்டும் மேலே வந்திருந்தது. கயிறு இழுத்தவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பழைய துளையை அடைக்கும் முன் எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் மூன்று தரம் குரல் கொடுப்பார்கள். உள்ளே பாம்போ பல்லியோ வேறெதுவோ, வழிவிட்டுத்தான் அடைக்க வேண்டும்.

"அண்ணா, குரல் குடுக்கலயா?" என்றார் கங்கப்பன் மாமா.

"வெள்ளைக்காரன் கோயில்டா. இருந்தா வெள்ளைக்காரப் பேய்தான் இருக்கும். இங்கிலீஸ்ல சொல்லணும், நீ சொல்றியா?"

"நான் எட்டாவது பெயிலு."

"அப்ப கலவைய எடு."

செங்கல் வைத்து அப்பா அடைத்துவிட்டார்.

மதியம் மரத்தடியில் சாப்பிட்டோம். காற்று வீசியது. கங்கப்பன் மாமாவின் சட்டை உப்பியது, என் துப்பட்டா பறந்தது. அப்பா பீடி பற்றவைத்தார்.

புகை நேராக மேலே போனது.

"இன்னிக்கி காத்தே இல்லயே" என்றார்.

மாமா சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் உதடு கறுத்துவிட்டது. அம்மா டேபிள் ஃபேனை அவர் தலைமாட்டில் வைத்தாள்.

"மூஞ்சிக்குத் திருப்புடி."

"மூஞ்சிக்குத்தான் வெச்சிருக்கறன்."

கால்மாட்டில் போர்வை படபடத்தது. அப்பாவின் நெற்றி முடி அசையவில்லை.

கங்கப்பன் மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். "தொறந்துடலாம். அடைச்சவங்க வூட்டு ஆளுதான் குரல் குடுக்கணும். நீ வா பாப்பா."

"எனக்குப் பேச வராது மாமா."

"உங்கப்பனுக்கு மூச்சு வரல."

உச்சி வெயிலில் போனோம். மாமா செங்கலைத் தட்டி எடுத்துவிட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். உள்ளே நான் மட்டும். துளையில் வெயில் வட்டமாகத் தெரிந்தது.

"ஐயா." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஐயா, இருக்கீங்களா? எங்கப்பா தெரியாம அடைச்சிட்டாரு. நீங்க நம்மாளுன்னு தெரியல."

மூன்றாம் தரம் கூப்பிட்டபோது வட்டம் இருண்டது.

வேர்வையும் பழைய நல்லெண்ணெயும் கலந்த வாசம் வந்தது. மறுபடி வெளிச்சம். மறுபடி இருட்டு. யாரோ முன்னால் சாய்ந்து, பின்னால் சாய்ந்து, முன்னால் சாய்ந்து...

மேலே, வெறும் கொக்கிகளில், கயிறு முனகியது.

என் கழுத்தில் காற்று பட்டது.

"எங்கப்பாவுக்கும் கொஞ்சம்" என்றேன்.

வெளியே மாமாவின் செல்போன் அடித்தது. "பாப்பா, உங்கப்பன் எழுந்து உக்காந்துட்டானாம். தண்ணி கேக்கறானாம்." மாமா அழுதுகொண்டே சொன்னார். துளையில் இப்போது வெயில் மட்டும் இருந்தது.

அப்பா மறுபடி வேலைக்குப் போகிறார். துளையை அப்படியே விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. தெருவே விசிறியோடு வெளியே உட்கார்ந்திருக்கும். எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் வீட்டுக்குள் அப்பா நிம்மதியாகத் தூங்குவார். கொடியில் அவர் துண்டு மெல்ல எழும், தாழும், எழும்.

நேற்று அது நின்றது.

அப்பாவின் மார்பும் நின்றது.

கொடி கட்டிய சுவர் அடுத்த வீட்டை ஒட்டியது. பின்னால் ஆள் உட்கார இடமில்லை. அங்கிருந்து களைத்த, பணிவான ஒரு குரல் கேட்டது.

"நான் போலாங்களா?"

எத்தனை வருஷமாக இதைக் கேட்க ஆளில்லாமல் இருந்தாரோ. போங்க என்று சொல்ல எனக்கு எவ்வளவோ ஆசை. அப்பாவின் உதட்டைப் பார்த்தேன். கறுக்கத் தொடங்கியிருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன்.

சுவருக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு.

"செரிங்கம்மா."

துண்டு மறுபடி எழுந்தது.