மீன் இல்லாத பம்ப்

2017 ஆகஸ்ட் 8, செவ்வாய்க்கிழமை. காலை 10.20க்கு மருத்துவமனையின் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றுபோனது. உள்ளே இரண்டு பேர்.

அவன் மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். தோளில் ஒரு பை. கையில் மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் சின்ன பம்ப். அவள் நான்காம் மாடிச் சோதனைக்கூடத்தின் டெக்னீஷியன்.

"கீழே ஹால்ல மீன் தொட்டி வைக்கப் போறாங்களா?"

"மீன் இல்லைங்க. இது பி.எச். அளக்க."

"மீனுக்கா?"

"மனுஷனுக்கு. கருவி பையில இருக்கு, நான் செஞ்சது."

அவன் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு இறங்கி இமையில் தங்கியது. அதைத் துடைக்காமலே அவளைப் பார்த்தான். என்ன கண்ணடா இவனுக்கு... மழைக்குள் யாரோ விளக்கை ஏற்றி வைத்தது போல. அவள் சட்டென்று மாடி எண்களைப் பார்த்தாள். எந்த எண்ணும் எரியவில்லை. ஆறு நிமிடம் கழித்து லிஃப்ட் நகர்ந்தது.

"வாங்க மீன்காரரே," என்றாள். "உங்க கருவிக்குப் பரீட்சை வைக்கிறது நான்தான்."

கருவி என்பது தசைக்குள் செருகும் மெல்லிய ஆன்டிமனி உலோகக் கம்பி. வழக்கமாகப் பயன்படும் கண்ணாடி மின்முனை துல்லியமாக அளக்கும். ஆனால் தசைக்குள் உடைந்தால் ஆபத்து. அடிபட்ட காலில் ரத்த ஓட்டம் குறைந்தால் தசை அமிலமாகும், பி.எச். இறங்கும். கம்பி அதை முன்கூட்டியே சொன்னால் காலைக் காப்பாற்றலாம். வெள்ளிக்கிழமை முதல் நோயாளிக்குப் பொருத்த நாள் குறித்தாயிற்று. அவள் கையெழுத்துதான் பாக்கி.

அவன் கோப்பையில் கரைசலை ஊற்றி, கம்பியை இறக்கி, பம்ப்பைப் போட்டான். குமிழிகள் பொங்கின. திரையில் 7.00.

"இப்படி ஊதினா கரைசல் நல்லாக் கலங்கும். ரெண்டு வருஷமா இப்படித்தான் அளக்குறேன். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல."

"தசைக்குள்ளயும் பம்ப் வைப்பீங்களா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பம்ப்பிலிருந்து குழாயைப் பிடுங்கி நைட்ரஜன் சிலிண்டரில் மாட்டினாள். பக்கத்தில் ஒரு கண்ணாடி மின்முனையையும் இறக்கினாள். அதே கரைசல், அதே குமிழிகள். கண்ணாடி 7.00 என்றே நின்றது. கம்பி ஏறியது... 7.08... 7.19... 7.31.

"கம்பி கெட்டுப்போயிருக்கும்."

புதிதாக மூன்று கம்பி மாற்றினான். மூன்றும் ஏறின.

"கம்பி நல்ல கம்பிதான். காத்துல பழக்கிட்டீங்க. நைட்ரஜன்ல ஆக்சிஜன் இல்ல. ஆக்சிஜன் குறைஞ்சா அதுவா மேல ஏறுது. ரத்தம் நின்ன கால்ல பி.எச். இறங்கணும்... ஆனா ஆக்சிஜனும் போயிடும்ல? இறங்குறதை இது மறைச்சிடும். அங்க கால் செத்துக்கிட்டிருக்கும், உங்க பெட்டி 'எல்லாம் சௌக்கியம்'னு சொல்லும்."

அவன் முகம் இறுகியது. "கண்ணாடியிலேயே பழகினவங்களுக்கு உலோகம் பிடிக்காது."

"பொய் சொன்னாத் தங்கமே பிடிக்காது."

பையை மூடிக்கொண்டு போய்விட்டான். பம்ப் மேசையிலேயே கிடந்தது. அதைக் கீழே வரவேற்பில் கொடுத்தனுப்பியிருக்கலாம். ஏன் அனுப்பவில்லை? இரண்டு நாளும் அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் மட்டும்தானா...

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டரின் அறைக்கு அவளை அழைத்தார்கள். கருவியை விற்கும் கம்பெனியின் முதலாளி கருவியோடு அங்கே உட்கார்ந்திருந்தார். அவனுடைய அண்ணன்.

"ஏம்மா, டாக்டரே சரின்னுட்டாரு. உனக்கு மட்டும் என்ன வீம்பு?"

"அவருக்குச் சரின்னா அவரே கையெழுத்துப் போடட்டும் சார்."

"வேற ஆளை வெச்சுப் போட்டுக்குவோம்," என்றார் டாக்டர்.

"தாராளமா டாக்டர். ஆனா நான் எடுத்த ரீடிங் ஃபைல்ல இருக்கு. அதை நான் கிழிக்க மாட்டேன். என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் அது அங்கேயேதான் இருக்கும்."

கதவருகே குரல் கேட்டது. "கிழிக்க வேண்டாம். கருவியைத் திருப்பி எடுத்துக்குறேன்."

அவன்தான். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

"டேய், உனக்கென்ன பைத்தியமா?"

"பட்டறையில நைட்ரஜன் ஊதிப் பதினோரு கம்பி பார்த்தேண்ணே. பதினொண்ணும் ஏறுது. அவங்க சொன்னதுதான் சரி."

"அந்தப் பொண்ணு பின்னாடி சுத்துறியா?"

"சுத்தலண்ணே, நிக்கிறேன். ஆனா அவங்க யாராயிருந்தாலும் கம்பி ஏறத்தான் செய்யும்."

"அப்போ பட்டறைச் சாவியை வெச்சுட்டுப் போ."

அவன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினான்.

தாழ்வார ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. அவள் பம்ப்போடு ஓடி வந்தாள். "இதை மறந்துட்டீங்க."

"மறக்கல."

"அவ்வளவு கோபமாப் போனீங்களே..."

"கோபம்தான். இருந்தாலும் திரும்பி வர ஒரு சாக்கு வேணும்ல... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. சந்தேகம்னா பரீட்சை வெச்சுக்குங்க."

"காத்து இல்லாத இடத்துலயும் இதே ரீடிங் காட்டுமா?"

"நின்னுபோன லிஃப்ட்லதானே முதல்ல காட்டுச்சு."

அவள் பம்ப்பை அவன் கையில் வைத்தாள். பிறகு, "எனக்கும் அங்கதான்..." என்றாள்.

கருவி அன்று மதியம் 12.40க்குத் திருப்பி அனுப்பப்பட்டது. அடுத்த பிப்ரவரியில் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அண்ணன் வரவில்லை. கம்பிக்குப் பக்கத்திலேயே ஆக்சிஜனையும் அளந்து திருத்திக்கொள்ளும் புதிய கருவியை அவன் ஒரு வாடகை அறையில் செய்து மார்ச்சில் கொண்டுவந்தான். உறவினர் செய்த கருவியைச் சோதிக்கக் கூடாது என்பது விதி. அதனால் வேறொரு டெக்னீஷியன் நைட்ரஜனில் சோதித்துக் கையெழுத்துப் போட்டார்.