எந்தக் காகிதமானாலும்

கொட்டுகிற மழையில் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற தினேஸ்வரிக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஓடினாள். கடைவரிசையின் கூரை போட்ட ஐந்தடி நடைபாதையை எட்டுவதற்குள் பெட்டியின் அடி ஊறிப் பிய்ந்தது... முந்நூறு துண்டுப் பிரசுரங்களும் மாடிப்படியின் கீழே சரிந்து விழுந்தன.

"ஐயய்யோ..."

அவள் குனிவதற்கு முன்பே ஒருவன் குனிந்திருந்தான். தொழிற்சாலைச் சட்டை, தலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர். தாள்களைக் கட்டாகப் பொறுக்கி, நனையாத ஓரமாகப் பார்த்து அடுக்கினான்.

"வெளிப்பக்கம் உள்ளதுதான் ஊறியிருக்கு. நடுவுல உள்ளது நல்லாதான் இருக்கு, பயப்படாதீங்க" என்று நிமிர்ந்தான்.

அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். பல நாள் தூங்காத கண்கள்... ஓரமெல்லாம் சிவந்திருந்தன. ஆனாலும் பார்வையில் ஒரு கனிவு. இவ்வளவு நல்ல கண்ணுக்கு என்ன கவலை வந்திருக்கும் என்று நினைத்தாள். முன்பின் தெரியாத ஆளைப் பற்றி இப்படியா நினைப்பது என்று தன்னையே கடிந்தும் கொண்டாள்.

"மேல கொண்டாந்து வைக்கவா? நானும் மாடிக்குத்தான் போறேன்."

"காப்புறுதி ஆபீசுக்கா?"

"ஆமா. அங்க வெள்ளிக்கிழமை யோசனை எழுதறவங்களப் பாக்கணும்."

தினேஸ்வரிக்குப் பெருமை பிடிபடவில்லை. ஐந்தே பேர் வேலை செய்கிற சின்ன இன்சூரன்ஸ் அலுவலகம் அது. முதலாளி கார்த்திகேசு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் பழைய ரப்பர்த் தோட்டங்களுக்கு அழைத்துப் போவார். இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பார்கள், ஊராரோடு சேர்ந்து சாக்கடை வெட்டுவார்கள். வெள்ளிதோறும் முகநூலில் அன்றாட வாழ்க்கைக்கு ஒரு யோசனை போடுவது தினேஸ்வரியின் பொறுப்பு. அதைப் படித்துவிட்டு ஒருவர் மழையில் தேடி வருவது இதுதான் முதல் தடவை.

"அப்படின்னா பாத்துட்டீங்க" என்று சிரித்தாள். "நான்தான் அது."

அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த கட்டை மெதுவாகப் படியில் வைத்தான். சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்து நீட்டினான். லாமினேட் செய்த ஏதோ ஒரு படம். முழுக்க முழுக்கக் கறுப்பு.

"இதைப் பழையபடி ஆக்க வழி இருக்கா மிஸ்? நீங்கதான் எல்லாத்துக்கும் வழி சொல்றீங்க."

"என்ன இது?"

"எங்கக்கா பிள்ளை."

அவன் பெயர் பவித்ரன். அக்கா புனிதமலருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத் தரித்த கரு, ஏழாம் மாதம் வயிற்றிலேயே அடங்கிவிட்டது. முகத்தைக் காட்டினால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்கள் காட்டாமலே எடுத்துப் போய் அடக்கம் செய்துவிட்டார்கள். அவளுக்கு மிஞ்சியது ஸ்கேன் படம் ஒன்றுதான். அதுவும் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே வந்தது. அழியாமல் பண்ணிக் கொடுடா என்று தம்பியிடம் கொடுத்தாள். அவன் இந்த அலுவலகத்தின் யோசனையைப் படித்துவிட்டுக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தான். சூடான மெசினுக்குள் படமாகப் போனது, மறுபக்கம் கறுப்பாக வந்தது.

"போன்ல ஒரு படம்கூட எடுத்து வைக்கலையா?"

"எடுத்திருந்தா இங்க ஏன் வாரேன்? ஆஸ்பத்திரியிலயும் கேட்டுட்டேன். இனிமே கிடைக்காதாம். அக்காகிட்ட இன்னும் சொல்லல... கடையில மெசின் ரோசாக், பழுதாயிடுச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். தினமும் கேக்குது."

அந்த நேரத்தில் தினேஸ்வரி என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவர்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான் நாக்கில் வராது.

"நான் சர்டிபிகேட்டுக்குத்தான் சொன்னேன். ஸ்கேன் படத்தை யாரு லாமினேட் பண்ணச் சொன்னா? கடைக்காரருக்காவது தெரிஞ்சிருக்கணும்..."

அவன் அவளையே பார்த்தான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"சரி லா... தப்பு என்னோடதுதான்."

அட்டையைப் பைக்குள் வைத்து, பொத்தானை மாட்டி, மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

மேலே வந்ததும் முதல் வேலையாகத் தான் எழுதியதைத் தேடிப் படித்தாள். 'மங்கிப்போகிற காகிதமா? கவலை வேண்டாம். எந்தக் காகிதமானாலும் லாமினேட் செய்துவிடுங்கள். ஆயுசுக்கும் அழியாது.'

எந்தக் காகிதமானாலும்... சர்டிபிகேட் என்று ஓர் இடத்திலும் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறதே என்று போட்ட வார்த்தை அது. எதிரில் நின்றவனிடம் சற்று முன் சொன்னது பச்சைப் பொய்.

கார்த்திகேசுவிடம் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவம்தான் லா. ஆனா நாம தப்புன்னு சொல்லிக்கிட்டா நாளைக்கு எவன் நம்மள நம்பி பாலிசி எடுப்பான்? அழிச்சிடு. குளிர்பெட்டிய சுத்தம் பண்றதப் பத்தி எழுதினியே, அதைப் போடு."

அழித்தாள். விரல் ஒரு தடவை அழுத்தியதுதான், முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விட்டது. அந்த ஞாயிறு முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? பிரசுரக் கட்டை அடுக்கிய அந்தக் கைகள் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. நிமிர்ந்து பார்த்த கண்களும்தான்...

திங்கட்கிழமை காலை அலுவலக எண்ணுக்கு ஒரு வாட்ஸ்அப் வந்தது. 'நீங்க எழுதினத அழிச்சிட்டீங்க போல. நல்லது, வேற யாரும் ஏமாற மாட்டாங்க. ஆனா ஏன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம். ஏற்கெனவே படிச்சவங்க வீட்டுல இன்னும் எத்தனை படம் இருக்கோ. பவித்ரன்.'

திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அவள் அழுதே விட்டாள். பக்கத்து மேசை மர்ஜானா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, எட்டிப் படித்தாள்.

"தினேஷ், என் மவ வீட்ல சாயாவக் கொட்டிட்டா துணிய எடுத்துத் தொடைன்னுதான் சொல்லுவேன். பாயத் தூக்கி மேல போடுன்னு சொல்ல மாட்டேன்."

"பாஸ் ஒத்துக்க மாட்டாரு அக்கா."

"கொட்டினது அவரா, நீயா?"

தினேஸ்வரி ஒரு தாளை எடுத்தாள். எழுதினாள். எழுதி முடித்து முதலாளி மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

'ஸ்கேன் படம், இருதயத் துடிப்பு எடுத்த தாள் போன்றவை சூட்டினால் அச்சாகிறவை. இவற்றை லாமினேட் செய்யாதீர்கள், முற்றிலும் கறுத்துப் போகும். இன்றே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். போன மாதம் எந்தக் காகிதமானாலும் என்று எழுதியது தவறு. அதை நம்பியதால் ஒரு தாய் தன் பிள்ளையின் ஒரே படத்தை இழந்துவிட்டார். எழுதியது நான். தினேஸ்வரி.'

"ஆபீஸ் பேரு..." என்று ஆரம்பித்தார் கார்த்திகேசு.

"என் பேரைத்தான் போட்டிருக்கேன் பாஸ். வேணாம்னா சொல்லுங்க, வேலைய விட்டுட்டு என் முகநூல் பக்கத்துலயே போடுறேன்."

இந்தக் குரலை அவர் கேட்டதில்லை. குவளையில் இருந்த கோப்பியை முழுதும் குடித்து முடித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"போடு" என்றார். "'எழுதியது நாங்கள்'னு மாத்திட்டுப் போடு."

அன்று மாலை போன் வந்தது. குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது.

"படிச்சேன்" என்றான். "நீங்க ஊருக்கே சொல்லிட்டீங்க. நான் இன்னும் ஒரே ஒருத்தர்கிட்ட சொல்ல முடியாம உக்காந்திருக்கேன்."

"அன்னிக்கு நான் பேசினது..."

"விடுங்க."

"விட மாட்டேன். மன்னிச்சிடுங்க. பொய் சொன்னேன், பயந்துக்கிட்டுச் சொன்னேன். அக்கா எங்க இருக்காங்க?"

பத்து காஜா ஊர்ப் பக்கம், ஒரு பழைய தோட்டத்து வீட்டுவரிசை என்றான். தினேஸ்வரி சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். இந்த மாதத்துக் கோத்தோங் ரோயோங், ஊராரோடு சேர்ந்து செய்கிற அந்தத் துப்புரவு வேலை, அங்கேதான்.

"ஞாயித்துக்கிழமை நாங்க அங்கதான் வாரோம். நானும் கூட வரட்டுமா, சொல்றதுக்கு?"

"அக்கா உங்களத் திட்டும்."

"திட்டட்டும்."

ஞாயிறு காலை ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை நின்ற அந்த இடத்தில் அலுவலகத்தார் ஊர் மக்களோடு சாக்கடை வெட்டினார்கள். பவித்ரனும் மண்வெட்டியோடு இறங்கினான். தண்ணீர் தடையில்லாமல் ஓடத் தொடங்கியதும் கைகால் கழுவிக்கொண்டு நாலாவது வீட்டுக்கு நடந்தார்கள்.

புனிதமலர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. முகத்தில் மட்டும் பத்து வருடம் கூடியிருந்தது.

"வா தம்பி. மெசின் செஞ்சிட்டானா?"

அவன் அட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தான். அவள் அதைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"எங்கடா புள்ள?"

"அக்கா... மெசின் ரோசாக் இல்ல. அன்னிக்கே கறுத்துப் போச்சு. நான்தான்..."

"நான் எழுதினதப் படிச்சுட்டுத்தான் செஞ்சாரு அக்கா" என்றாள் தினேஸ்வரி. "தப்பு என்னோடது."

புனிதமலர் அவளைப் பார்க்கவே இல்லை. தம்பியின் சட்டையைப் பிடித்தாள்.

"பத்தொம்பது நாளா வாசல்ல நின்னு கேட்டேனேடா! அங்க எம்புள்ளைய மூடி எடுத்துட்டுப் போனாங்க. நீயும் மூடிக்கிட்டே திரிஞ்சியா? நான் தாங்க மாட்டேன்னு நீங்கள்லாம் யாருடா முடிவு பண்றதுக்கு?"

அவன் அசையாமல் நின்றான். அவள் அவன் மார்பில் குத்தினாள், இரண்டு, மூன்று... பிறகு அங்கேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு, இத்தனை மாதமாக வராத அழுகையெல்லாம் அழுதாள். கீரை தரையெங்கும் சிதறியது. தினேஸ்வரிக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஒரு யோசனையும் இல்லை. உட்கார்ந்து கீரையைப் பொறுக்கினாள்.

அழுகை ஓய்ந்தபோது புனிதமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"நீ எழுதறவதானே?"

"ஆமாக்கா."

"அப்ப எழுது. எனக்கு மறந்து போறதுக்குள்ள எழுது."

தினேஸ்வரி கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள்.

"வலது கைய கன்னத்துக்கிட்ட வச்சிருந்தா. பொம்பளப் புள்ள. மூக்கு அவங்கப்பா மூக்கு, நுனி கொஞ்சம் மழுங்கி. நெத்தி பெருசு..." சொல்லச் சொல்லக் குரல் திடமாகியது. "உதட்ட இப்படிக் குவிச்சிருந்தா, யாரையோ கூப்புடுற மாதிரி."

"கால் மேல கால் போட்டிருந்தா அக்கா" என்றான் பவித்ரன் மெல்ல.

புனிதமலர் வியந்து பார்த்தாள். "நீயும் பாத்தியா?"

"கடைக்குப் போற வழியெல்லாம் பாத்துக்கிட்டேதான் போனேன். எம்மருமவ இல்லையா? மகாராணி மாதிரி படுத்திருந்தா."

அக்காவின் முகத்தில் கண்ணீருக்கு நடுவே ஒரு சிரிப்பு வந்தது. தினேஸ்வரிக்குக் கண்ணீரில் எழுத்து மறைந்தது. இந்த மனிதனையா படிக்கட்டில் நிறுத்திப் பொய் சொன்னேன்? இவன்தான்... இவன் ஒருத்தன்தான் எனக்கு வேண்டும் என்று அவள் மனம் வெளிப்படையாகவே சொல்லிற்று.

"பேரு எழுதவா அக்கா?"

அதுவரை யாருமே அதைக் கேட்டதில்லை. புனிதமலர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாழினி" என்றாள். "யாழினின்னு வச்சிருந்தேன். எழுது."

எழுதினாள். தாளைக் கிழித்துக் கொடுத்ததும் புனிதமலர் அதை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல மெதுவாகப் படித்து, மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். திட்டும் இல்லை, மன்னித்தேன் என்றும் இல்லை. "சோறு வடிக்கிறேன். சாப்பிடாமப் போயிடாத" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

வாசலுக்கு வெளியே மெல்லிய தூறல். செம்பனை ஓலைகளில் அது விழுகிற சத்தம் கேட்டது. இருவரும் நின்றார்கள்.

"தேங்ஸ்" என்றான்.

"எதுக்கு? உங்க வீட்டுக்கு நான் பண்ணினது..."

"அந்தப் பேரு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். கேக்கணும்னு தோணல எங்க யாருக்கும்." அவன் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "ஒன்னு சொல்லணும். அழுத வீட்டு வாசல்ல நின்னு இதைச் சொல்றானேன்னு நெனைப்பீங்க. பரவால்ல. இனிமே எதையும் மூடி வைக்கறதா இல்ல."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்க மேல வந்த கோவம் அந்த மழையிலயே போயிடுச்சு. வேற ஒன்னு போவல. போவும், போவும்னு பாத்தேன்..." நிமிர்ந்தான். "உங்களப் புடிச்சிருக்கு தினேஸ்வரி."

ஒவ்வொரு வெள்ளியும் ஊருக்கு யோசனை சொல்கிறவளுக்கு இப்போது தனக்காகப் பேச வேண்டியிருந்தது. ஒரு வார்த்தையைச் சரியாகச் சொல்ல வேண்டும், அழகுக்காக இல்லாமல்... கூட்டாமல், குறைக்காமல். அவன் கண்களைப் பார்த்தாள்.

"எனக்கும் உங்களத்தான் புடிச்சிருக்கு" என்றாள். "உங்கள மட்டும்தான்."