மூன்று முறை கேட்க வேண்டும்

முதல் பிளாஸ்திரி எந்த நாளில் வந்தது என்று ஆர்லெட்டால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகஸ்ட் என்று நினைக்கிறாள். அந்த நினைவோடு சிவப்புப் பீன்ஸ் வேகும் வாசனை ஒட்டியிருப்பதால், அந்த ஊர் வழக்கப்படி அதைச் சமைக்கும் திங்கட்கிழமையாக இருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பே ஒன்றிரண்டு வந்து, குளிக்கும்போது கவனிக்காமல் உரித்துப் போட்டிருப்பாளோ என்ற சந்தேகமும் உண்டு. அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். பிளாஸ்திரி இடது கையில் இருந்தது.

ஆர்லெட் இடதுகைக்காரி. நான்கு வருடங்களாக அவள் தன் கணவன் ஆன்செலுக்கு இரத்தம் கொடுத்து வருகிறாள். இடது கையால் ஊசியைப் பிடித்து வலது முழங்கைக்குக் கீழே குத்துவாள். ஒரு தேக்கரண்டி அளவு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் விழுந்ததும் ஒற்றைக் கையால் பிளாஸ்திரி ஒட்டுவாள். அது எப்போதும் கோணலாகத்தான் போகும். இது நேராக இருந்தது. நான்கு ஓரமும் அழுத்தி, அளவெடுத்து ஒட்டியதைப் போல.

நியூ ஆர்லியன்ஸில் அவர்களைப் போல முப்பது நாற்பது பேர் ஒரு குடும்பமாக இருந்தார்கள். வெளியார் இரத்தக் காட்டேரிகள் என்பார்கள். அவர்களும் அந்தப் பெயரை மறுப்பதில்லை. தங்களுக்குள் பேசும்போது குடிப்பவர் பசிக்காரர், கொடுப்பவர் கொடையாளி. அவர்களுடைய விதிகள் கொஞ்சம், ஆனால் இறுக்கமானவை. பசிக்காரர் மூன்று முறை கேட்க வேண்டும். கொடையாளி மூன்று முறையும் சரி சொல்ல வேண்டும். ஊசியைப் பசிக்காரர் தொடக்கூடாது. குடித்த பிறகு கிண்ணத்தைக் கழுவி, மடித்த துணியின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். கேட்காமல் எடுத்தவனுக்கு எந்த ஊரிலும் எந்தக் குடும்பத்திலும் இடமில்லை.

அன்று மாலை அவள் சமையலறைக்குப் போனபோது, மடித்த துணியின் மேல் கிண்ணம் கவிழ்ந்திருந்தது. உள்ளே ஈரம் காயவில்லை.

ஆன்செல் டிராம் ஓட்டினான். விடிகாலையில் போய், பத்தரைக்குத் திரும்பி, மூன்று மணிக்கு மறுபடியும் போய் ஏழுக்கு வருவான். அவள் ஒரு ஓட்டல் வரவேற்பில் இரவு வேலை பார்த்துவிட்டு, காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை ஜன்னல் பலகைகளை அடைத்துக்கொண்டு தூங்குவாள். பகல் வெயிலில் அவன் டிராம் ஓட்ட, இருட்டறையில் அவள் தூங்க, எங்கள் வீட்டில் யார் பேய் என்றே தெரியவில்லை என்று அவன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

பீன்ஸைச் சோற்றின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தவனிடம் கையை நீட்டிக் காட்டினாள்.

"இது என்ன ஆன்செல்?"

"பிளாஸ்திரி."

"யாரு ஒட்டினா?"

"என்னைக் கேட்டா? உன் கை, உன் பிளாஸ்திரி."

"இடது கையில நான் எப்படி ஒட்டுவேன்?"

அவன் கரண்டியை வைத்துவிட்டு அவள் கையைத் திருப்பிப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். "ஓட்டல்ல எதுலயாவது கீறியிருப்ப. கூட வேலை பாக்குறவங்க யாராச்சும் ஒட்டியிருப்பாங்க" என்றான். பிறகு, "நான் பதினொரு நாளா கேக்கவே இல்ல, ஆர்லி. நீ வெளுத்துப்போய் இருக்கன்னுதான் கேக்கல" என்றான்.

அது உண்மைதான். அதுவே அவளுக்கு உறுத்தியது. பதினொரு நாள் கேட்காதவனுக்குத் தலைவலி வந்திருக்க வேண்டும், கை நடுங்கியிருக்க வேண்டும். இவன் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

அதன் பிறகு அவள் கவனிக்க ஆரம்பித்தாள். அந்த வீட்டில் அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் இருந்தன. முன்னறை, படுக்கையறை, சமையலறை. தாழ்வாரம் கிடையாது. முன்கதவு வழியாக வருகிற எவரும் அவள் கட்டிலைக் கடந்துதான் கிண்ணம் இருக்கும் இடத்துக்குப் போக முடியும். கட்டிலருகே ஒரு தரைப்பலகை, பூனை மிதித்தாலும் முனகும். நாலு மணிக்கு எழும்போது அறையில் ஒரு வாசனை தங்கியிருக்கும், மழை பெய்து ஓய்ந்த பின் செங்கல் சுவரிலிருந்து வருமே, அந்த ஈரமும் இரும்பும் கலந்த வாசனை. ஆன்செலின் சட்டையிலும் டிராமின் இரும்பு வாசனை இருந்தது. அவன் குளிக்கப் போனபோது அந்தச் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அது இதுதானா என்று தெரியவில்லை. இதுதான் என்று முடிவு செய்துகொண்டாள்.

இரண்டு நாளைக்கு ஒன்று. பிறகு தினமும் ஒன்று. எல்லாமே நேராக.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடும்பத்தின் கொடையாளிகள் இரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம், மிஸ் யூலாலியின் வீட்டில். மிஸ் யூலாலி ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர், குடும்பத்தின் தலைவி. பல் மருத்துவரிடம் சொல்லிச் செய்த இரண்டு கோரைப்பற்களைச் சாப்பிடும்போது மட்டும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைப்பாள். அன்று தாளைப் பார்த்ததும் சாப்பிடாமலேயே அவற்றைக் கழற்றினாள்.

"வாரத்துல எத்தனை தடவை குடுக்குற பொண்ணே?"

"குடுக்கவே இல்ல, மிஸ் யூலாலி."

மூலையில் மீன் வறுவலைத் தின்றுகொண்டிருந்த கிளோவிஸ் கூட மெல்லுவதை நிறுத்தினான். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவன், யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன் என்று பெயரெடுத்த பிரம்மச்சாரி அவன்.

கொடையாளியின் வார்த்தைக்குச் சாட்சி கேட்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். தூங்கும்போது எடுத்துவிட்டான் என்று ஒரு கொடையாளி சொன்னால் அதோடு முடிந்தது. ஆர்லெட்டுக்கு அது தெரியும். தன் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வாக்கியம் ஆன்செலை வீட்டிலிருந்தும் இந்த அறையிலிருந்தும் ஒரேயடியாக வெளியே தள்ளிவிடும் என்று தெரிந்துதான் சொன்னாள்.

ஆன்செலும் அங்கேதான் நின்றிருந்தான். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"நான் தொடல" என்றான். "ஆனா ஒண்ணு சொல்லணும். மத்தியானம் நான் முன்னறையில உக்காந்திருக்கறப்ப நீ தூக்கத்துல பேசுற. சரி, சரின்னு. யாருக்கோ பதில் சொல்ற மாதிரி."

"அப்ப நீ பக்கத்துல இருந்திருக்க!"

"முன்னறையிலன்னு சொன்னேன்."

"கேட்டுட்டுத்தான் எடுத்தேன்னு ஆக்கப் பாக்குறியா? தூங்குறவகிட்ட கேக்குறது கேக்குறதா?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா பயமா என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. "அந்த வீட்டை விட்டுரு ஆர்லி" என்றான். "குடிபோன அன்னிக்கே எனக்கு முன்னாடி யாரோ படி ஏறுன மாதிரி இருந்துச்சு. சிரிப்பீங்கன்னு சொல்லல."

திங்கட்கிழமை அவன் போய்விட்டான். அவள் பூட்டை மாற்றினாள். ஜன்னல் பலகைகளுக்குக் கொக்கி போட்டாள். கேடு நினைப்பவர் தாண்ட முடியாது என்று அந்த ஊரில் சொல்வதுபோல, முன்வாசற்படியில் செங்கல் தூளைக் கோடாகக் கொட்டினாள். மூன்று நாள் எதுவும் வரவில்லை. மூன்று நாளும் நிம்மதியாகத் தூங்கினாள், கொஞ்சம் அழுதாள், தான் செய்தது சரிதான் என்று தனக்கே பலமுறை சொல்லிக்கொண்டாள்.

நான்காம் நாள் மாலை எழுந்தபோது இடது கையில் பிளாஸ்திரி இருந்தது.

கொக்கிகள் போட்டபடியே இருந்தன. பூட்டு பூட்டியபடி. செங்கல் தூளின் கோடு கலையவில்லை. சமையலறையில் கிண்ணம், மடித்த துணியின் மேல், கவிழ்ந்து.

மறுநாள் தலையணைக்கடியில் கைபேசியை ஒலிப்பதிவில் வைத்துவிட்டுப் படுத்தாள். மாலையில், வெயில் இன்னும் சாயாத தெருவில் குழந்தைகள் கத்திக்கொண்டிருக்க, பின்படியில் உட்கார்ந்து கேட்டாள். மின்விசிறியின் இரைச்சல். தன் மூச்சு. தூரத்தில் டிராம் மணி. மறுபடியும் மூச்சு. ஐந்தாவது மணி நேரத்தில் அவள் குரல்.

"சரி."

பிறகு அமைதி. ஒரு கேள்வி கேட்பதற்கு ஆகிற நேரம்.

"சரி."

அதே அளவு அமைதி.

"சரி."

பிளாஸ்திரியின் தாளை உரிக்கும் சத்தம். சமையலறையில் குழாய் திறந்து மூடும் சத்தம். தரைப்பலகை முனகவே இல்லை. பிறகு, கட்டிலில் ஆன்செல் படுக்கும் பக்கத்தின் சுருள்கம்பிகள், மெதுவாக, ஒவ்வொன்றாக, அமுங்கின.

அவள் மிஸ் யூலாலிக்குப் போன் செய்து அதைப் போட்டுக் காட்டினாள். இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டாள் அவள்.

"குடிபோன அன்னிக்கு வாசல்ல நின்னு என்ன சொன்ன?" என்று கடைசியில் கேட்டாள் மிஸ் யூலாலி.

ஏப்ரல் மாதம். புது வீட்டில் கொடையாளி முன்கதவைத் திறந்துவைத்து, தெருவில் நிற்கும் தன் பசிக்காரனைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். இன்னாரே, பசித்தால் வா, கேட்டு வாங்கிக்கொள். உள்ளே இருப்பவர்கள் வரட்டும் என்பார்கள். அன்று ஆர்லெட் இரண்டு கோப்பை ஒயின் குடித்திருந்தாள். தெருவில் ஆன்செல் கோட்டு போட்டு விறைப்பாக நின்றதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. அவன் பெயரைச் சொல்லவில்லை.

"பசிக்கிறவங்க யாரா இருந்தாலும் வாங்க" என்று இரண்டு கையையும் விரித்துக் கத்தியிருந்தாள். "கேட்டு வாங்கிக்கங்க!"

"வரட்டும்! வரட்டும்!" என்று கிளோவிஸ் கை தட்டினான். மிஸ் யூலாலியும் சிரித்துக்கொண்டே வரட்டும் என்றாள். உள்ளே இருந்தது அந்த இருவர்தான்.

"விதிப்படிதான் நடக்குது" என்றாள் மிஸ் யூலாலி. "ஊசி ஒண்ணைத் தவிர எல்லாமே விதிப்படி. அப்ப இல்லைன்னு சொன்னா போயிரணும். முழிச்சிருந்து சொல்லு பொண்ணே."

மறுநாள் ஆர்லெட் மூன்று கோப்பைக் கறுப்புக் காப்பி குடித்துவிட்டுக் கண்ணை மூடிப் படுத்தாள். பகல் இரண்டு மணி. பலகைகளின் இடுக்கில் வெயில் கோடு கோடாக இமைகளின் மேல் விழுந்தது.

முதலில் தெருச்சத்தம் குறைந்தது. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. ஈரச் செங்கல் வாசனை முன்னறையிலிருந்து நகர்ந்து வந்தது. நின்றது. இமைகளின் மேலிருந்த வெயில் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

காதருகே குளிர்ச்சி.

சத்தமே இல்லை. ஆனாலும் கேட்கப்பட்டது. பணிவாக. அவள் வாய் தானாகவே திறந்து அந்தப் பழகிய சொல்லை நோக்கிப் போனது. பற்களைக் கடித்தாள்.

"இல்லை."

குளிர்ச்சி விலகியது. சமையலறையில் யாரோ கிண்ணத்தை மிக மெல்லக் கீழே வைத்தார்கள்.

வெயில் திரும்பி வந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ஆன்செலுக்குப் போன் செய்தாள், அவன் எடுக்கவில்லை. அதன் பிறகு எட்டு நாள் அவள் கையில் எதுவும் இல்லை.

ஒன்பதாம் நாள் காலை மிஸ் யூலாலி அழைத்தாள். கிளோவிஸ் ஒரு வாரமாக யார் கண்ணிலும் படவில்லையாம். இருவரும் அவன் வீட்டுக்குப் போனார்கள். கதவு உள்ளே பூட்டியிருந்தது, ஆள் வைத்து உடைத்தார்கள். அவன் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தான், வாய் லேசாகத் திறந்து, எதற்கோ பதில் சொல்லப்போகிறவனைப் போல. மணிக்கட்டிலிருந்து தோள் வரை, தோளிலிருந்து காதுமடல் வரை பிளாஸ்திரிகள். எல்லாமே நேராக. நான்கு ஓரமும் அழுத்தி. அவன் வீட்டில் கண்ணாடிக் கிண்ணம் கிடையாது. சமையலறையில் அவனுடைய பெரிய பீர்க் குவளை, மடித்த துணியின் மேல், கவிழ்ந்திருந்தது.

மிஸ் யூலாலி தன் இடது கையை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வரட்டும் என்று சொன்ன இன்னொருவர் யார் என்று இருவருக்கும் தெரியும்.

கிளோவிஸை அடக்கம் செய்தார்கள். மருத்துவர் இரத்தசோகை என்று எழுதினார். மிஸ் யூலாலி குடும்பத்தைக் கலைத்துவிட்டு வேறு மாநிலத்தில் மகளோடு இருக்கிறாள், அவள் கையில் இதுவரை ஒன்றும் இல்லை. ஆன்செல் ஹூஸ்டனில் பஸ் ஓட்டுகிறான். ஆர்லெட் ஒருமுறை எல்லாவற்றையும் எழுதி மன்னிப்புக் கேட்டாள். வரட்டுமா என்று பதில் எழுதினான். அந்தச் சொல்லைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழித்தாள், பதில் போடவில்லை.

ஆர்லெட் அதே வீட்டில் இருக்கிறாள். இரவு வேலையை விட்டுவிட்டாள், படி ஏற முடிவதில்லை. அது மிஸ் யூலாலியைத் தேடிப் போகாமலிருக்க, அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து பகல் இரண்டு மணிக்குக் கிண்ணத்தை அவளே எடுத்து வைக்கிறாள், ஊசியையும் அவளே பிடிக்கிறாள், வலது கையில் கோணலாக ஒட்டிக்கொள்கிறாள். மூன்று முறை சரி சொல்லிவந்தாள். குளிர்காலத்தில் அது ஒரு முறைதான் கேட்டது.

நேற்று கேட்காமலே எடுத்துக்கொண்டது.