கெல்டர்பெக் தூண்களை அளந்தது யார்?

பாரிஸில் ரூ காய் தெருவில் துஷ்யந்தன் நடத்தும் கைபேசி திருத்தும் கடைக்குக் கலங்கிய முகத்தோடு வருகிறவர்கள் இரண்டு வகை. கைபேசியைத் தண்ணீரில் போட்டவர்கள் ஒரு வகை. ஆலீஸ் அக்காவைத் தேடி வருகிறவர்கள் இன்னொரு வகை. செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு வந்த பெண்ணின் கைபேசி நன்றாகத்தான் இருந்தது. அதைக் கண்டதுமே துஷ்யந்தனுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. மேசையில் ஒருவருடைய கைபேசி வயிறு கிழிந்து கிடந்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான்.

"அக்கா உள்ளுக்கைதான் இருக்கிறா. வாங்கோ தங்கச்சி, இப்பிடி இருங்கோ."

ஆலீஸ் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுச் சுங்கத் துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெட்டியைத் திறக்குமுன் பெட்டிக்காரனின் முகத்தைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லிவிடுவார் என்று அங்கே அவருக்குப் பெயர். வீடு ரூ பஜோலில். ஆனால் பகல் முழுக்க இந்தக் கடையின் பின்பக்க நாற்காலியில்தான். "என்னத்துக்கு அக்கா இஞ்சை வந்து இருக்கிறியள்?" என்று துஷ்யந்தன் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் வராவிட்டால் அவனுக்குப் பொழுது போகாது.

வந்தவள் பெயர் சுபாஷினி. திருநெல்வேலிக்காரி. பாரிஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மத்தியகாலக் கட்டடங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள்.

"வியாழக்கிழமை எனக்கு விசாரணைக் கமிஷன் வச்சிருக்காங்க மேடம். நான் திருடினேன்னு முடிவு பண்ணிட்டா என் காண்ட்ராக்ட் போயிடும். அது போனா ரெசிடென்ஸ் கார்டும் போயிடும். நாலு வருஷ உழைப்பு மேடம்!"

"எதைத் திருடினதா சொல்றாங்க?" என்றார் ஆலீஸ், தேநீரை ஆற்றிக்கொண்டே.

"அளவுகளை. நானே அளந்த அளவுகளை நானே திருடிட்டேனாம். கேட்டீங்களா கதையை!"

கதை இதுதான். வட இங்கிலாந்தில், ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், கெல்டர்பெக் என்று ஒரு துறவிமடம். எண்ணூற்றைம்பது வருடத்துக்கு முன் வெள்ளை அங்கி போட்ட துறவிகள் கட்டியது. முந்நூற்றறுபது வருடம் அங்கே ஜெபமும் உழவும் ஆடு வளர்ப்புமாக இருந்தார்கள். பிறகு எட்டாம் ஹென்றி மன்னர் நாட்டிலுள்ள மடங்களையெல்லாம் கலைத்தபோது இதுவும் போயிற்று. கூரையிலிருந்த ஈயத்தை மன்னரின் ஆட்கள் உருக்கிக்கொண்டு போனார்கள். கல்லை ஊர்க்காரர்கள் மாட்டுக்கொட்டில் கட்ட வண்டியேற்றிப் போனார்கள். இன்று மிச்சமிருப்பது ஒற்றைக் கோபுரம், சில சுவர்கள், நடுமுற்றத்தைச் சுற்றி இருபத்துநாலு தூண்கள். சுற்றிலும் செம்மறிகள். காவலாளி இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை.

மார்ச் மாதத்தில் சுபாஷினியும், அதே ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மூத்தவனான ஜூலியனும் அங்கே போயிருக்கிறார்கள். அளக்க வேண்டிய அன்று காலை ஜூலியன் முழங்கால் வீங்கிவிட்டதென்று விடுதியிலேயே படுத்துக்கொண்டான். சுபாஷினி லேசர் அளவுக்கருவியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் அளந்துவிட்டு வந்தாள். மே மாதத்தில் பார்த்தால், அந்த அளவுகள் ஜூலியன் பெயரில் மட்டும் கட்டுரையாக வந்திருக்கின்றன. இவள் கேட்கப் போனதும் அவன் தலைகீழாகத் திருப்பிவிட்டான்: விடுதியில் படுத்திருந்தது சுபாஷினி, அளந்தது நான், அவள் என் பட்டியலைப் பார்த்துத் தன் ஆய்வேட்டில் எழுதிக்கொண்டாள் என்று.

"எவ்வளவு துணிவு பாருங்கோ உவனுக்கு!" என்று துஷ்யந்தன் கொதித்தான். "படம் எடுக்கேல்லையோ? உங்கட நிழலெண்டாலும் விழுந்திருக்குமே?"

"ஒரே மேகம் அண்ணா. நிழலே இல்ல."

"ஃபோனிலை இடம் காட்டியிருக்குமே!"

"அந்தப் பள்ளத்தாக்குல சிக்னலே கிடையாது."

"விடுதிக்காரன்?"

"ரெண்டு பேர் வந்தாங்க, ரெண்டு பேர் போனாங்கன்னு மட்டும்தான் அவருக்கு ஞாபகம் இருக்கு."

துஷ்யந்தன் அடங்கிப்போய் முக்காலியில் உட்கார்ந்தான். ஆலீஸ் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்த அளவுல அப்படி என்னம்மா விசேஷம்?"

அதுவரை அழுதுகொண்டிருந்த பெண் சட்டென்று நிமிர்ந்தாள். கைப்பையிலிருந்து மடத்தின் வரைபடத்தை எடுத்து விரித்தாள். "இங்க பாருங்க மேடம். இது சர்ச், அவங்களோட கோயில். துறவிகள் நடக்குற முற்றம் சாதாரணமா கோயிலுக்குத் தெற்கேதான் இருக்கும், வெயில் கிடைக்கணும்னு. இங்க ஆறு வடக்கே ஓடுது, சமையலுக்கும் சாக்கடைக்கும் தண்ணி வேணும். அதனால முற்றத்தை வடக்கே வச்சுட்டாங்க. மேற்கு, வடக்கு, கிழக்குன்னு மூணு பக்கமும் எட்டெட்டுத் தூண். வடக்கு வரிசையில மட்டும் இடைவெளி ரெண்டு சாண் குறையுது! கொள்ளைநோய்ல பாதித் துறவிகள் செத்துப்போன பிறகு முற்றத்தையே சின்னதாக்கித் திரும்பக் கட்டியிருக்காங்க. இத்தனை வருஷமா யாரும் கவனிக்கல. நான்தான் கண்டுபிடிச்சேன்." கடைசி வார்த்தையில் மறுபடி குரல் உடைந்தது.

"கட்டுரையில எப்படி அளந்தேன்னு எழுதியிருக்காரா?"

சுபாஷினி கைபேசியில் தேடி, பிரெஞ்சிலிருந்த வரியைத் தமிழில் சொன்னாள். துறவிகளின் ஞாயிற்றுக்கிழமைப் பவனி சென்ற வழியிலேயே, கோயிலின் கிழக்குக் கதவில் தொடங்கி, தூண் தூணாக அளக்கப்பட்டது.

"நீ எங்க ஆரம்பிச்சே?"

"சத்தியமா ஞாபகமில்ல மேடம். மழைக்கு முன்னாடி முடிக்கணும்னு ஓடினேன். ஒவ்வொரு தூணுக்கும் நாலு பக்கம், அடுத்த தூணுக்கு இருக்குற இடைவெளியும் சேர்த்து நாலு அளவு. மொத்தம் தொண்ணூத்தாறு. அப்புறம் சாயங்காலம் சுவர்வாரியாப் பிரிச்சுப் பட்டியல் போட்டேன். அந்தப் பட்டியலைத்தான் அவர் எடுத்துக்கிட்டார்."

அளவுக்கருவி அவள் பொறுப்பில் இருந்தது. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மார்ச்சுக்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை என்றாள். ஆலீஸ் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். கடைசி நூறு அளவுகளை, எடுத்த நேரத்தோடு, அது உள்ளே வைத்திருந்தது. துஷ்யந்தன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"வெறும் இலக்கமாக் கிடக்குது அக்கா. ஆர் எடுத்தது, எந்தத் தூண் எண்டு ஒண்டும் இல்லை. உதாலை என்ன பிரயோசனம்?"

"இருக்கட்டும். ஏம்மா, நீ எப்படி அளந்தேன்னு இந்தத் தூணைக் கொஞ்சம் அளந்து காட்டு."

கடை நடுவே பழைய இரும்புத்தூண் ஒன்று உண்டு. சுபாஷினி கருவிக்குக் கை நீட்டினாள். "மெ நோன், வேண்டாம், இதைத் தொடாதே!" என்று அதட்டிய ஆலீஸ், துஷ்யந்தனின் அளவு நாடாவைக் கொடுத்தார்.

தூணின் இடப்பக்கம் பக்கத்து மளிகைக்கடையின் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. வலப்பக்கம் நடக்கத் தாராளமாக இடம் இருந்தது. சுபாஷினி முன்பக்கத்தை அளந்தாள். பிறகு மூட்டைகளுக்கும் தூணுக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்து அந்தப் பக்கத்தை அளந்து, பின்னால் போய், மற்றப் பக்கமாக வெளியே வந்தாள். பாவாடையெல்லாம் அரிசித் தவிடு.

"அங்காலை வழி இருக்குத்தானே, என்னத்துக்கு உதுக்குள்ளாலை போறியள்?" என்று துஷ்யந்தன் சிரித்தான்.

"அட, ஆமால்ல?" என்று அவளும் கண்ணீருக்கிடையே சிரித்தாள்.

ஆலீஸ் சிரிக்கவில்லை. "நீ கோயிலுக்குப் போறதுண்டா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். சாமி நம்பிக்கையெல்லாம் காலேஜ்லயே விட்டுட்டேன். சின்ன வயசுல அம்மா கூடப் போனதுதான்."

"வொய்லா, அப்படிச் சொல்லு," என்றார் ஆலீஸ். பிறகு ஒரு மணி நேரம் கருவியிலிருந்த எண்களை ஒவ்வொன்றாகச் சுபாஷினியின் பட்டியலில் தேடி வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். துஷ்யந்தன் எட்டிப் பார்த்தபோதெல்லாம் கையால் மறைத்தார். அவனுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. மாலையில் கருவியை உறையிலிட்டு ஒட்டி, ஒரு கடிதத்தோடு ஆய்வுக்கூட இயக்குநருக்கு அவன் கையிலேயே கொடுத்தனுப்பினார். கடிதத்தில் என்ன இருந்ததென்று அதையும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு விசாரணை. துணைக்கு ஒருவரை அழைத்துவரலாம் என்பது விதி. ஆலீஸ் துணையாக வந்தார். கருவியைப் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்ல என்று துஷ்யந்தனும் ஒட்டிக்கொண்டான். இயக்குநர் ஸ்டெஃபானி மேசையின் தலைப்பக்கத்தில் இருந்தார். அவர் முன்னால் ஒரு தாள் நான்காக மடிக்கப்பட்டிருந்தது. எதிரே ஜூலியன், நன்றாகத் தேய்த்த சட்டையில், கொஞ்சமும் அசராமல் உட்கார்ந்திருந்தான். பேச்செல்லாம் பிரெஞ்சில்தான்.

ஆலீஸ் மிகுந்த மரியாதையோடு ஆரம்பித்தார். "எனக்கு உங்கள் துறை தெரியாது, ஐயா. கன்னியர் பள்ளியில் படித்தவள், பவனி என்றால் மட்டும் கொஞ்சம் தெரியும். கெல்டர்பெக்கில் நீங்கள் எந்த வழியாகச் சுற்றினீர்கள்?"

"கட்டுரையில் எழுதியிருக்கிறேனே," என்று ஜூலியன் புன்னகைத்தான். "கோயிலின் கிழக்குக் கதவு வழியாக வெளியே வந்தேன். முதலில் துறவிகள் கூடிப் பேசும் மண்டபம் இருக்கும் கிழக்குப் பக்கம். அடுத்து சாப்பாட்டு மண்டபத்தை ஒட்டிய வடக்குப் பக்கம். கடைசியாக மேற்கு. அங்கிருந்து மறுபடி கோயிலுக்குள். துறவிகள் ஞாயிறுதோறும் போன வழி அதுதான். இந்தத் துறையில் இருக்கிறவன் வேறு வழியில் போகமாட்டான்."

"உறுதியாகவா?"

"நூறு சதவீதம்."

ஆலீஸ் இயக்குநரைப் பார்த்தார். ஸ்டெஃபானி மடித்த தாளை மெதுவாக விரித்தார்.

"நேற்று மூன்று மணி நேரம் இதற்குச் செலவழித்தேன்," என்றார் அவர். "கருவியில் தொண்ணூற்றாறு அளவு இருக்கிறது. ஒவ்வொன்றும் உன் கட்டுரைப் பட்டியலோடு மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்துப்போகிறது, ஜூலியன். எடுத்த நேர வரிசைப்படி அவற்றைக் கோட்டால் இணைக்கச் சொல்லி இந்த அம்மா எழுதியிருந்தார். இணைத்தேன்."

சிவப்புக் கோடு மேற்குப் பக்கத்தில் தொடங்கி, வடக்கு வழியாகப் போய், கிழக்கில் முடிந்தது. துறவிகள் நடந்ததற்கு நேர் எதிர்!

ஜூலியனின் புன்னகை அப்படியே நின்றது, ஆனால் காது சிவந்துவிட்டது. "திரும்பி நடந்திருப்பேன். மூன்று மாதமாகிறது, ஞாபகம் பிசகியிருக்கும்," என்றான்.

"இருக்கலாம், யாருக்கும் பிசகும்," என்று ஆலீஸ் ஒத்துக்கொண்டார். "ஆனால் தூண்களைப் பாருங்கள். ஒவ்வொரு தூணுக்கும் நான்கு பக்கம். எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் சுற்றலாம். இடையில் இடிந்த கல் கிடக்கிறது, சேறு இருக்கிறது, சில இடத்தில் மாறிச் சுற்றினால் சுலபம். இருபத்துநாலு தூணிலும் ஒன்றில்கூட மாறவில்லை. தூண் எப்போதும் வலக்கைப் பக்கமே இருக்கிறது. முற்றமும் அப்படியே வலக்கைப் பக்கம். அளந்தவர் யோசித்து இதைச் செய்யவில்லை. சின்ன வயதிலேயே காலில் ஏறிவிட்ட பழக்கம் இது."

துஷ்யந்தனால் அடக்க முடியவில்லை. தமிழிலேயே வாய்விட்டுக் கத்திவிட்டான். "அட கடவுளே, வலம் வந்திருக்கிறா! அரிசி மூட்டைக்குள்ளாலை போனதும் உதுக்குத்தானோ? நான் பிள்ளையாரை மாறிச் சுத்தினால் எங்கட அம்மா அந்த இடத்திலையே தலையிலை குட்டுவா!"

"பேசாம இரு தம்பி," என்று ஆலீஸ் அதட்டிவிட்டு, இயக்குநருக்குப் பிரெஞ்சில் விளக்கினார். இந்துக் கோயிலில் சந்நிதியையோ தூணையோ சுற்றுகிறவர் அதை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்றுவார். செவ்வாய்க்கிழமை ஒரு கடைத்தூணை அளக்கச் சொன்னபோது, இந்தப் பெண் நல்ல வழியை விட்டு மூட்டைச் சந்தில் நுழைந்து அப்படித்தான் சுற்றினாள். ஏன் அப்படிப் போனோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

சுபாஷினி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நாத்திகம் பேசுகிறவளுக்கு இது கொஞ்சம் கசப்பாகக்கூட இருந்திருக்கும்.

"யார் வேண்டுமானாலும் அப்படிச் சுற்றலாமே!" என்று ஜூலியன் குரலை உயர்த்தினான்.

"சுற்றலாம். அதனால்தான் அதை மட்டும் வைத்து உங்களைக் குற்றம் சொல்லவில்லை," என்றார் ஆலீஸ். "பவனி வழியில் அளந்தேன் என்று எழுதியது நீங்கள். இப்போது இங்கே சொன்னதும் நீங்கள்தான். அளந்தவருக்குப் பவனி நினைவே வரவில்லை, மழைக்கு முன் முடிக்கவேண்டும் என்ற அவசரம்தான். விடுதியில் படுத்துக்கொண்டு, அளந்திருந்தால் எப்படி அளந்திருப்போம் என்று நினைத்துப் பார்த்தவர்தான் துறவிகளின் வழியை எழுதுவார். படித்தவர்தானே நீங்கள், சரியான வழியைத்தான் எழுதினீர்கள். நடந்த வழி வேறாக இருந்தது."

ஸ்டெஃபானி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஜூலியன், ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த மடத்துக்குள் நீ ஒரு தடவையாவது காலெடுத்து வைத்தாயா?"

அவன் தன் கைகளைப் பார்த்தான். "என் வேலையும் செப்டம்பரில் முடிகிறது," என்றான். பிறகு, "இல்லை. விடுதி ஜன்னலிலிருந்து கோபுரம் தெரிந்தது," என்றான்.

துஷ்யந்தனுக்கு அந்த நேரத்தில் அவன்மேல் கோபம் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

ஸ்டெஃபானி அங்கேயே முடிவைச் சொன்னார். கட்டுரை திரும்பப் பெறப்படும். கண்டுபிடிப்பு சுபாஷினியுடையது, அவள் பெயரிலேயே வெளியாகும். ஒப்பந்தம் தொடரும். புதுப்பிக்கும் கடிதத்தை இன்றைக்கே கையெழுத்திட்டுத் தருகிறேன், வதிவிட அட்டைக்கு அதை வைத்து விண்ணப்பிக்கலாம் என்றார். சுபாஷினி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஆலீஸ் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

ஜூலியன் எழுந்து கதவுப் பக்கம் போனான். சுபாஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள். கத்தப்போகிறாள், நன்றாக நாலு கேட்கப்போகிறாள் என்று துஷ்யந்தன் ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஒரு நாள் கட்டாயம் போய்ப் பாருங்கள், ஜூலியன்," என்றாள் அவள். "அவ்வளவு அழகாக இருக்கிறது அந்த இடம்."